ரெண்டாவது மாடியில தேங்குன பாட்டு

நடந்தத நடந்தபடியே சொல்லிர்றேன், நடுவுல யாரு மாதிரியாச்சும் பேசிக் காட்டிருவேன், கண்டுக்கிராதீங்க, அது என் வியாதி, எழவு வீட்டுக்குப் போனாக்கூட செத்தவுக மாதிரி இருமிக் காட்டுற ஆளுய்யா நீயின்னு என் பொண்டாட்டி திட்டுவா. என் பேரு மொக்கச்சாமி. வீட்டு உள்வேலை பாக்குறவன், பலகை அடிப்பேன், ஓட்டை போடுவேன், சொவத்துக்குப் பேப்பர் ஒட்டுவேன், படிச்சது அஞ்சாப்பு, அதுலயும் பாதி நாளு வாத்தியார் மாதிரிப் பேசிக் காட்டி வகுப்புக்கு வெளிய நின்னது. மதுரைக்குத் தெக்க, டவுன் பஸ்சு திரும்புற எடத்துல, இருபத்தி அஞ்சு வீடு இருக்குற செண்பகா காலனியில, ரெண்டாவது மாடியில பாட்டு தேங்கி நின்ன கதை இது.

பிரேமலதாவ நான் தங்கச்சின்னுதான் கூப்புடுவேன், ரத்த ஒறவெல்லாம் கெடையாது, பதினோரு வருசம் ஒரே படிக்கட்டுல ஏறி எறங்குனா அதுவே ஒறவுதான. அவ புருசன் தனக்கோடி, ரோட்டோரம் ஒசரத்துல வெளம்பரப் பேனரு கட்டுற ஆளு, ஒரு ஆடி மாசக் காத்துல பேனரோட சேந்து பறந்தாப்ல, பேனரு வேப்ப மரத்துல மாட்டிக்கிருச்சு, மாப்ள தார்ரோட்டுல விழுந்துட்டாப்ல. இடுப்புக்குக் கீழ செத்துப் போச்சு. எட்டு மாசம் ஆசுபத்திரி. அந்த எட்டு மாசமும் லாரித் தண்ணி வந்தா அவ வீட்டுக் கொடத்த நாங்கதான் ரெண்டு மாடி தூக்கிக் கொண்டு போயி வச்சோம், வீட்டுக்கொரு நாளு, முறை போட்டு. இத இப்பவே சொல்லி வச்சிக்கிறேன், பின்னாடி இதுதான் அவ வாயக் கட்டிப் போட்டுச்சு.

ஆளு வீட்டுக்கு வந்த பெறகு அவளுக்கு ஒரு வேலை கெடச்சுச்சு, வீட்ல இருந்தே பாக்குற வேலை, கூரியர் கம்பெனிக்குப் போன்ல பதில் சொல்லணும். மூஞ்சி வீடியோவுல தெரியும், அதுனால பின்னாடி சொவரு லட்சணமா இருக்கணும், வேற சத்தம் எதுவும் வரக் கூடாது, வந்தா மார்க்க வெட்டுவாங்க, மார்க்கு போனா வேலை போச்சு. வீட்ல இருந்ததோ ஒரு அறையும் ஒரு நடையும். அறையில தனக்கோடி கட்டில். கட்டில நடையில போட்டா கதவு தொறக்காது. சரி, அந்த அறைதான் ஆபீசு.

"அண்ணே, இத ஆபீசாக்கிக் குடுங்க. கையில ஒண்ணுமில்ல, பாத்துச் செய்ங்க"ன்னா.

செஞ்சேன். முட்டைக் கடையில தூக்கிப் போடுற அட்டை இருக்குல்ல, குழி குழியா, அத ஒரு மாசமாச் சேத்து, முன்னூத்தி பன்னெண்டு அட்டைய நாலு சொவத்துலயும் கூரையிலயும் ஒட்டி, பிஸ்தா பச்சை அடிச்சேன். சன்னலப் பலகை வச்சு அடைச்சேன். கதவு இடுக்கு பூராம் பழைய பஸ்சு கதவு ரப்பரு. தையல் மெசின் காலு மேல பலகை போட்டு மேசை. கேமராவுல தெரியிற அஞ்சடிக்கு மட்டும் செங்கல் படம் போட்ட பேப்பரு ஒட்டுனேன், செங்கச் சொவத்துக்கு மேல முட்டை அட்டை, முட்டை அட்டைக்கு மேல செங்கப் படம், இந்த நாகரிகம் எனக்கு வெளங்கல, ஆனா வீடியோவுல பாத்தா பெங்களூரு மாதிரி இருந்துச்சு. ஒரு பாட்டில்ல மணி பிளான்ட்டு, சொவரோரம் சீரியல் பல்பு, மேசை மேல உள்ளங்கை அளவு ஸ்பீக்கரு. தனக்கோடி கட்டிலு கேமராவுக்குக் கீழ, படத்துல வராது.

"மச்சான், நான் ஆபீசுக்கு வந்துட்டேன், படுத்துக்கிட்டே"ன்னாப்ல தனக்கோடி.

"மேனேசரே படுத்துத்தான் இருப்பாரு மாப்ள, ஒனக்கென்ன"ன்னேன்.

சிரிச்சாப்ல. சிரிச்சதுல முதுகு அசைஞ்சிருச்சு, முனகிட்டாப்ல. இடுப்புக்குக் கீழதான் உணர்ச்சி இல்ல, மேல முதுகு பூராம் படுக்கைப் புண்ணு. அந்த முனகலுக்குத்தான் பிரேமா பயந்தா. அவ "வணக்கம்ங்க, நான் பிரேமலதா, உங்க பார்சல் எங்க இருக்குன்னு இப்பவே பாத்துர்றேங்க"ன்னு தேன் மாதிரிப் பேசிக்கிட்டு இருக்கும்போது இந்தாளு வாயில துண்டக் கடிச்சிக்கிட்டுக் கெடப்பாப்ல, கண்ணு ரெண்டும் கூரையில முட்டை அட்டைக் குழிய எண்ணிக்கிட்டு இருக்கும்.

ஒரு போனுக்கும் அடுத்த போனுக்கும் நடுவுல அஞ்சு நிமிசம் கெடச்சா பாட்டுப் போடுவா. ஒரே பாட்டுதான். பழைய படத்துப் பாட்டு, என்ன படம்னு கேக்காதீங்க, சொன்னா நீங்களும் போட்டுப் பாப்பீங்க, ஒங்க வீட்டுக்கு நான் பொறுப்பாக முடியாது. மொதல்ல பிடிலு ஏறும், அப்புறம் அந்தப் பாடுற அம்மா மூச்சு வாங்குறது கேக்கும், அப்புறந்தான் பல்லவி. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் திரும்பி வந்த வேன்ல அந்தப் பாட்டுத்தான் வழி நெடுகத் திரும்பத் திரும்ப ஓடுச்சாம், டிரைவர்ட்ட வேற கேசட்டு இல்லையாம்.

நாலாவது நாளு காலையில தரையில ஒரு விரக்கடை பாட்டு நின்னுச்சு.

"அண்ணே, தரை வாட்டம் சரியில்லன்னு நெனைக்கிறேன், பாட்டு மேசைக்கடியில போயித் தேங்குது"ன்னு கூப்புட்டா. போயி ரசமட்டம் வச்சுப் பாத்தேன், வாட்டம் சரியாத்தான் இருந்துச்சு. பாட்டு வெளிய போக வழியில்ல, அதான் விசயம், இடுக்கு பூராம் ரப்பரு வச்சது நான்தான. கைய வச்சுப் பாத்தேன், ஈரமில்ல, ஆனா கனம் உண்டு, முழங்கைக்குள்ள பிடிலு கேட்டுச்சு. கதவத் தொறந்தா நடையில கொட்டுதுன்னு சொன்னா, அதுக்குக் கதவுக்குக் குறுக்க இடுப்பளவு பலகை ஒண்ணு அடிச்சு, ஏறி எறங்க முக்காலி போட்டுக் குடுத்துட்டு வந்தேன். வேலை முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன்.

கணுக்கால், முழங்கால், தொடைன்னு ஏறுச்சு. பதினஞ்சாம் நாளு கட்டிலு முங்குச்சு. முங்குனதும் தனக்கோடி மெத்தைய விட்டு எந்திரிச்சு, ஒரு சாண் மேல, தெப்பம் மாதிரி மெதந்தாப்ல. முதுகு எதுலயும் படல. துண்ட வாயிலருந்து எடுத்துட்டு, "பிரேமா, எனக்கு எங்கயும் வலிக்கல"ன்னாப்ல. அவ அப்ப யாருக்கோ பார்சல் நம்பர் சொல்லிக்கிட்டு இருந்தா, ஒம்போதுக்குப் பதிலா ஆறுன்னு சொல்லிட்டாளாம், வேலையில சேந்து அவ செஞ்ச ஒரே தப்பு அதுதான். வாரம் ஒருக்க வர்ற நர்சம்மா புண்ணப் பாத்துட்டு, "காயுது, நல்லாக் காயுது, இந்த மட்டத்தக் கொறைய விட்றாதம்மா"ன்னு நோட்டுல எழுதிட்டுப் போனாங்க.

எல்லாம் நல்லாத்தான் போயிருக்கும், கீழ் வீட்டுல ஒழுகாம இருந்திருந்தா.

கீழ் வீடு நூர்ஜஹான் வீடு, கைக்கொழந்தைக்காரி. "மொக்கண்ணே, எங்க கூரையில பாட்டு ஒழுகுது. பாத்ரூம் தண்ணின்னா நல்லா நாலு கேள்வி கேக்கலாம், இத என்னன்னு கேக்குறது?"ன்னு வந்து நின்னா. சொட்டுக்குக் கீழ ஒரு பேசின வச்சிருந்தா. அஞ்சு மாசமா வயித்து வலியில கத்திக்கிட்டே இருந்த அவ புள்ள அந்தப் பேசினுப் பக்கத்துல, வாயத் தொறந்து, எச்சி ஒழுகத் தூங்கிக்கிட்டு இருந்துச்சு. பேசினுல காதை வச்சேன். மூச்சு வாங்குற எடம் மட்டும் சொட்டுச் சொட்டா விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே நாலு கொடம் பிரேமா வாசல்ல நின்னுச்சு. மறுநா பதினாலு. ஆளு வர முடியாதவுக கொடத்துக்குப் பதிலா ஒரு செங்கல்ல வச்சு எடம் போட்டுட்டுப் போனாக. ஒத்த நாளு ஒத்தப்படை வீடு, ரெட்ட நாளு ரெட்டப்படை வீடு. யாருக்கும் ஆச்சரியமில்ல, லாரித் தண்ணிக்கு என்ன சட்டமோ அதுதான் பாட்டுக்கும். பரீச்சைக்குப் படிக்கிற பய படிக்குமுன்ன ஒரு சொம்பு தலையில ஊத்திக்கிட்டான், பொண்ணு பாக்க வந்த வீட்ல வாசத் தெளிச்சாக, ஒருத்தர் மாமியார் வாயில ஊத்திப் பாத்தாரு, ஒண்ணும் நடக்கல. சண்டையும் அதே சண்டைதான்: "எங்க கொடத்துல வெறும் மியூசிக்கா வருது, பாட்டு முழுக்க அவ வீட்டுக்குப் போயிருச்சு!" அடியில மோந்தா பிடிலு, மேல மோந்தா கடைசிச் சரணம், அதுக்கு நான் என்ன பண்ண?

எங்க வீடும் வாங்குச்சு, மறைக்கல. என் பொண்டாட்டிக்கு ஒத்தத் தலைவலி, மாசத்துல பத்து நாளு போர்வைக்குள்ளதான் குடும்பம் நடத்துவா. ஒரு துணியப் பாட்டுல நனச்சு நெத்தியில போட்டேன். எந்திரிச்சு வந்து, "என்னய்யா, இன்னைக்கு யாரு மாதிரியும் பேசிக் காட்டலையா?"ன்னு கேட்டா. எம்புட்டு வருசமாச்சு அவ அப்படிக் கேட்டு.

அப்பத்தான் எங்க சங்கத் தலைவர் சதாசிவம் சார் கூட்டம் போட்டாரு. தாலுகா ஆபீசுல இருந்து ஓய்வானவரு, மூக்குலதான் பேசுவாரு. ஞாயித்துக்கெழமை காலையில, வண்டி நிறுத்துற செட்டுல, பிளாஸ்டிக் சேர்ல. "மேற்படி பாட்டானது, மேற்படி வீட்டில் தேங்கி, மேற்படி குடியிருப்போர் குடத்தில் சுமப்பது சிரமமாக உள்ளபடியால், மோட்டார் வைத்து, மீதி இருபத்து நான்கு வீட்டுக்கும் குழாய் இழுக்கலாம்." பிரேமா எந்திரிச்சா.

"சார், அவருக்கு மட்டம் கொறையக் கூடாதுன்னு நர்சம்மா சொல்லிருக்காங்க. போனுக்கு நடுவுலதான் என்னால பாட்டுப் போட முடியும், அம்புட்டு வேகமா நெறையாது."

"ஏம்மா, எறச்ச கெணறுதான் ஊறும். எறைக்காத கெணறு நாறிப் போகும். கேட்டதில்லையா நீ?"

எல்லாரும் தலைய ஆட்டுனாக. நானும் ஆட்டுனேன். அது கெணறு இல்லைன்னு சொல்ல அங்க ஒருத்தருக்கும் தோணல, காலம் பூராம் கெணத்தையும் லாரியவும் தவிர வேற எதுல இருந்தும் எதையும் எடுத்துப் பழகாத சனம். அவ இன்னும் நின்னுக்கிட்டே இருந்தா. அப்பப் பின் வரிசையில இருந்து ஒரு கொரலு, சண்டையா இல்ல, சாதாரணமா: "எட்டு மாசம் ஒங்க வீட்டுக்குத் தண்ணி தூக்குனோமே தாயி."

ஒக்காந்துட்டா.

ஓட்டை போட நான் போனேன். தனக்கோடி மெதந்துக்கிட்டே, "மச்சான், ஓட்டைய மெத்தைக்கு மேல ரெண்டு சாண் தள்ளிப் போடு. அதுக்கு மேல இருக்கது எம்புட்டு வேணாலும் எடுத்துக்கங்க, யாரு வேணாங்குறா"ன்னாப்ல. சரியாத்தான் போட்டேன். பென்சில்ல கோடு போட்டு, பச்சை முட்டை அட்டையக் கிழிச்சு, ரெண்டு சாணுக்கு மேல ஓட்டை. வராண்டாவுல மோட்டாரு. காலையில அர மணி, சாயங்காலம் அர மணி. இருபத்தி நாலு கொழாயிலயும் பிடிலு கேட்டுச்சு, சமையக்கட்டுல, குளிக்கிற எடத்துல, சதாசிவம் சார் சேவிங் பண்ணுற எடத்துல.

பத்து நாளுல மட்டம் ஓட்டைக்குக் கீழ போயிருச்சு, மோட்டாரு காத்த உறிஞ்சுச்சு. "ஒரு சாண் எறக்கு"ன்னாரு சார். எறக்குனேன். அடுத்த பத்து நாளுல மறுபடியும் காத்து. "இன்னொரு சாண்." அதுவும் எறக்குனேன், இப்ப ஓட்டை மெத்தை மட்டத்துக்கு வந்துருச்சு, தனக்கோடி பட்டும் படாததுமா, தோசைக் கல்லுல போட்ட மாவு மாதிரி ஒட்டியும் ஒட்டாமயும் கெடந்தாப்ல. கடைசி வீடு எங்க வீடு, இருபத்தி அஞ்சாம் நம்பரு, மூணாவது மாடி ஓரம். எங்க கொழாயில புஸ்சுன்னு ரெண்டு சொட்டு, அம்புட்டுத்தான். எம் பொண்டாட்டி மறுபடியும் போர்வைக்குள்ள போயிட்டா.

மூணாவது தடவ எறக்கப் போனப்பப் பிரேமா படிக்கட்டுல மறிச்சா. மத்தியானச் சாப்பாட்டு நேரம், அரமணி நேரந்தான் அவளுக்கு ஓய்வு, கையில சோத்துத் தட்டு.

"அண்ணே, இதுக்கு மேல எறக்குனா அவர் முதுகு மெத்தையில படும்."

"சார் சொல்லிட்டாரு தங்கச்சி."

"சாரா ஓட்டை போடுறாரு? நீங்கதான போடுறீங்க?"

நான் சார் மாதிரி மூக்குல, "மேற்படி ஓட்டையானது"ன்னு ஆரம்பிச்சேன். என்ன வாயி பாருங்க எனக்கு, அந்த நேரத்துல. அவ சிரிக்கல. தட்ட படியில வச்சுட்டு, "ஒங்க வீட்டுல தலைவலின்னு தெரியும்ணே. அண்ணிய இங்க கூட்டிட்டு வாங்க, என் மேசைக்கடியில படுத்துக்கட்டும், நான் காலை மடக்கி ஒக்காந்துக்கிர்றேன். ஓட்டைய மட்டும் எறக்காதீங்க"ன்னா.

நல்ல யோசனைதான். கேட்டிருக்கலாம். ஆனா எம் பொண்டாட்டி அடுத்தவ மேசைக்கடியில போயிப் படுக்குறதான்னு எனக்கு ரோசம் வந்துருச்சு. அவளச் சுத்திக்கிட்டு ஏறிப் போனேன். தரையோட தரையா, அடியில, நாலாவது ஓட்டையப் போட்டேன். போட்டுக்கிட்டு இருக்கும்போது தனக்கோடி என்னையே பாத்தாப்ல, மெதுவா, பஸ்சு சீட்டுல ஒக்கார்ற மாதிரி, மெத்தையில எறங்குனாப்ல. முதுகு பட்டுச்சு.

அன்னைக்கு எங்க வீட்டுக் கொழாயில பாட்டு பீச்சி அடிச்சுச்சு, அண்டா, குண்டான், கொடம் எல்லாம் ரொம்பிருச்சு.

பெறகு நடந்தது ஒண்ணோட ஒண்ணு சங்கிலி. முதுகு பட்டதும் புண்ணு தொறந்துச்சு, புண்ணு தொறந்ததும் துண்டையும் மீறி முனகுனாப்ல, முனகல் போன்ல கேட்டுக் கம்பெனி மார்க்க வெட்டுச்சு, வெட்டுன மார்க்கப் பிடிக்கக் கூடக் கூடப் போன எடுத்தா, போனு கூடக் கூடப் பாட்டுக்கு நேரமில்ல, பாட்டு இல்லாத அறையில முனகல்தான் மிச்சம், அதுக்கும் வெளிய போக வழியில்ல, அதுவும் தரையில தேங்குச்சு. அவ பழந்துணியச் சுருட்டி ஓட்டைய அடைச்சுப் பாத்தா. மோட்டாரு அதையும் உறிஞ்சு இழுத்துருச்சு.

மொதல்ல எங்க கொழாயிலதான் வந்துச்சு. பிடிலு ஏறுற எடத்துல ஒரு "ம்ம்ம்". எம் பொண்டாட்டி பாத்திரத்தக் கழுவிக்கிட்டு இருந்தவ கைய எடுத்துட்டா. "இது தனக்கோடி அண்ணன் கொரலுய்யா."

"கலங்கலா வருது, ரெண்டு நாளுல தெளிஞ்சிரும்"னேன்.

கலங்கல்னுதான் எல்லாரும் சொன்னாக. கலங்கத் தண்ணிக்கு என்ன செய்வோம், கொழாய் வாயில வெள்ளத் துணி கட்டுவோம், கட்டுனோம். பாட்டு துணி வழியா எறங்குச்சு, முனகல் துணியில தங்குச்சு. சாயங்காலம் துணியப் பிழிஞ்சு மொட்டை மாடிக் கொடியில காயப் போட்டோம், இருபத்தி நாலு வெள்ளத் துணி, காத்தடிச்சா ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி முனகும், காக்கா கூட அந்தப் பக்கம் ஒக்காரல. யாரும் யாரு மூஞ்சியவும் பாக்காம துணிய எடுத்துட்டு எறங்கி வருவோம். நூர்ஜஹான் மட்டும் ஒரு தடவ, "அண்ணே, மேல போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வருவமா?"ன்னு கேட்டா. "போவோம், போவோம்"னேன்.

கடைசியில துணி கட்டியும் பிரயோசனமில்ல, வர்றது பூராம் முனகல்தான். சதாசிவம் சார் மறுபடியும் கூட்டம் போட்டாரு, மறுபடியும் சேரு. "மேற்படி குழாயில் உபயோகமற்றது வருகிறபடியால், இணைப்பைத் துண்டித்து, ஓட்டையை அடைத்துவிடலாம்." கைதூக்கச் சொன்னாரு. தூக்குனோம். பிரேமா வரல, போன்ல இருந்தா.

சிமிண்டு கொழைச்சு நாலு ஓட்டையவும் நான்தான் பூசுனேன். நல்லாப் பூசுனேன், ஊசி நொழையாது. பூசி முடிச்ச மூணாம் நாளு முனகல் மேசை ஒயரத்துக்கு வந்துருச்சு, அவ அதுக்குள்ள நெஞ்சு முங்க ஒக்காந்து, மொகத்த மட்டும் அந்தச் செங்கப் படத்துக்கு முன்னாடி நிமித்தி வச்சுக்கிட்டுப் பேசுனா. நடுவுல கெடைக்கிற ஒரு நிமிசத்துல பாட்டுப் போட்டுப் பாத்தா. பாட்டு எண்ணெய் மாதிரி மேலயே நின்னுக்கிருச்சு, அடியில கெடந்த மனுசன்கிட்டப் போயிச் சேரல. முனகல்ல யாரும் மெதக்க மாட்டாக போல.

ஒரு புதன்கெழமை, பதினொன்னரை மணி, ஈரோட்டுல இருந்து ஒருத்தர் மிக்சி வரலைன்னு அவள வஞ்சிக்கிட்டு இருந்தாராம். பேசிக்கிட்டே இருந்தவ, கழுத்துக்கிட்ட முனகல் ஏறுறது நின்னுருச்சுன்னு கவனிச்சா. அத வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டா. நடுவுல போன வச்சா வேலை போயிரும், அதுனால மிக்சி எங்க இருக்குன்னு தேடிச் சொல்லிட்டு, அவரு திட்டி முடிக்கிற வரைக்கும் இருந்துட்டு, பெறகு கதவத் தொறந்தா. பலகைக்கு மேல முட்டிக்கிட்டு நின்ன முனகல் சரிஞ்சு, படிக்கட்டுல எறங்குச்சு. பொம்பளைக சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஓரமா நின்னாக. கீழ் வீட்ல சாக்கப் போட்டு வாசல அடைச்சாக. வெளக்கமாத்தால தள்ளி, ரோட்டுச் சாக்கடை வரைக்கும் கொண்டு போயி விட்டோம்.

பாடை கட்டித் தூக்கப் போனோம், நாலு பேரு. அசையல. எலும்பும் தோலுமாக் கெடந்த மனுசன், என் பொண்டாட்டியே தூக்கிருவா, நாலு பேருக்கு அசையல. எட்டுப் பேரு. பன்னெண்டு பேரு. வெட்டியான் வேலை பாக்குற ஆளு தலையச் சொறிஞ்சிட்டு, "என்னய்யா சாப்பிட்டாரு?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் தெரியும், குனிஞ்சு பாடைக் கயித்த இறுக்குனேன். பதினெட்டு பேருக்கு மேல படிக்கட்டுல நிக்கவே எடமில்ல, ஒருத்தன் முதுகுல ஒருத்தன் ஒட்டிக்கிட்டு நின்னோம். கடைசியில வீட்டுக்கு ஒரு தோளு, சதாசிவம் சார் உட்பட, நூர்ஜஹான் புருசன் உட்பட, இருபத்தி நாலு தோளு சேந்த பெறகுதான் எந்திரிச்சாப்ல. இருபத்தி மூணுக்கு எந்திரிக்கல, பாத்துட்டோம். சுடுகாடு வரைக்கும் எவனாலயும் எடது தோளுல இருந்து மாத்திக்கிர முடியல. வழியில சார் ஏதோ சொல்ல வந்தாரு, மேற்படின்னு ஆரம்பிச்சு மூச்சு வாங்கிட்டு விட்டுட்டாரு. நான் யாரு மாதிரியும் பேசிக் காட்டல.

பிரேமா காலி பண்ணிப் போயிட்டா, எந்த ஊருன்னு யார்ட்டயும் சொல்லல. போம்போது ஸ்பீக்கரையும் மணி பிளான்ட்டையும் மட்டும் எடுத்துக்கிட்டா. நான் பையத் தூக்கிட்டு வர்றேன்னேன். "வேணாம்ணே, ஏற்கனவே நெறையத் தூக்கிருக்கீங்க"ன்னா. குத்திச் சொன்னாளா, நெசமாச் சொன்னாளான்னு இன்னைக்கு வரைக்கும் அவ மாதிரியே சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், எப்படிச் சொன்னாலும் ரெண்டு மாதிரியும் கேக்குது.

எங்க முக்குல ஒரு டைலரு இருக்கான், வெளியூர்க்காரன், புதுசா வந்தவன். போன தீவாளிக்குச் சட்டைக்கு அளவெடுத்தவன் டேப்ப ரெண்டு தடவ வச்சுப் பாத்தான். எடது தோளு ரெண்டு விரக்கடை எறக்கம். "விழுந்தீங்களாண்ணே?"ன்னான். "இல்லப்பா"ன்னேன். நோட்டுல குறிச்சிக்கிட்டான். அடுத்து சார் வந்தாரு, அவருக்கும் எறக்கம். அடுத்து நூர்ஜஹான் புருசன். இப்பயெல்லாம் அவன் அளவே எடுக்குறதில்ல, செண்பகா காலனின்னு சொன்னாப் போதும், எடது பக்கம் ரெண்டு விரக்கடை எறக்கி வெட்டிர்றான்.